கடைசித் தவணை 8.8 லட்சமா, 35 லட்சமா? ஷ்லிட்ஸ் பீர் ஆலை பென்ஷன் வழக்கு

பென்ஷன் திட்டத்தை விட்டு விலகிய ஷ்லிட்ஸ் பீர் ஆலை, அந்தத் திட்டத்துக்குக் கட்ட வேண்டிய முதல் ஏழு தவணைகளைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. ஒவ்வொன்றும் 39,45,481 டாலர், இரு தரப்புக்கும் அதில் ஒரே கணக்குதான். தகராறு எட்டாவது தவணையில். ஆலை போட்ட கணக்கில் அது 8,80,331 டாலர், பென்ஷன் திட்டம் போட்ட கணக்கில் 34,99,361 டாலர். இடையில் இருக்கிற 26 லட்சத்துச் சொச்சத்துக்காக விஷயம் நடுவரிடம் தொடங்கி, கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு என்று ஏறி, கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆலை திட்டத்தை விட்டு விலகியது 1981இல், தீர்ப்பு வந்தது 1995 பிப்ரவரியில்.

அமெரிக்க பென்ஷன் திட்டங்களுக்குக் கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு, உட்கார்ந்திருப்பது சென்னையில். எங்கள் டீமில் புதிதாக யார் வந்தாலும் முதலில் இந்த வழக்கைத்தான் கையில் கொடுப்பேன். கூட்டு பென்ஷன் திட்டத்தை விட்டுப் போகிற முதலாளி எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைச் சட்டப் புத்தகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது நரக வேதனை. இந்த வழக்கில் எண்கள் எல்லாம் வெளியே கிடக்கின்றன, எக்செல்லில் அரை மணி நேரத்தில் நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஆலையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி, ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் பீர் காய்ச்சியே வளர்த்த ஊர். ஷ்லிட்ஸ், பாப்ஸ்ட், மில்லர் எல்லாம் அந்த ஊர்ப் பெயர்கள். "மில்வாக்கியைப் புகழ்பெறச் செய்த பீர்" என்று ஷ்லிட்ஸ் பாட்டிலிலேயே அச்சடித்து விற்றார்கள். 1970களில் செலவைக் குறைக்கிறேன் என்று நொதிக்கிற நேரத்தைக் குறைத்து, சேர்மானங்களை மாற்றி, சுவை கெட்டு, குடித்தவர்கள் வேறு பிராண்டுக்குப் போய்விட்டார்கள். 1981 ஜூனில் மில்வாக்கி ஆலையில் வேலைநிறுத்தம். அந்த வருடமே ஆலையை மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் டெட்ராய்ட்டின் ஸ்ட்ரோ கம்பெனி ஷ்லிட்ஸை மொத்தமாக வாங்கியது. ஆலை மூடினால் வேலை போகும், அது தெரிந்ததுதான். அதோடு ஒரு பில்லும் வரும் என்பதுதான் அப்போதைக்குப் புதுசு.

அந்த பில் எங்கிருந்து வருகிறது என்று புரிய, கூட்டுத் திட்டம் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். ஒரே தொழிலில், ஒரே யூனியனோடு ஒப்பந்தம் போட்டிருக்கிற பல கம்பெனிகள் சேர்ந்து ஒரே பென்ஷன் நிதியில் பணம் போடும். தொழிலாளி இந்த ஆலையில் பத்து வருடம், அந்த ஆலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தால் இரண்டும் சேர்ந்தே சர்வீஸாக எண்ணப்படும். கம்பெனி கட்டுவது சந்தா, பெரும்பாலும் ஒரு மணி நேர வேலைக்கு இத்தனை டாலர் என்று. தொழிலாளிக்கு வருவது, இத்தனை வருட சர்வீஸுக்கு மாதம் இத்தனை டாலர் என்ற வாக்கு. போடுகிற சந்தாவும் கொடுக்கிற வாக்கும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முதலீடு சரியாக விளையாவிட்டாலோ, பென்ஷன்தாரர்கள் கணக்கைவிட அதிக நாள் வாழ்ந்துவிட்டாலோ பள்ளம் விழும்.

ஏலச் சீட்டு பிடித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இருபது பேர் சேர்ந்த சீட்டில் நாலு பேர் எடுத்துக்கொண்டு கட்டாமல் ஊரைவிட்டுப் போனால், மீதிப் பதினாறு பேர் முழிக்க வேண்டியதுதான். கூட்டு பென்ஷனிலும் அதே கதை. ஒரு கம்பெனி விலகுகிறது, அதன் தொழிலாளிகளுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் நிதியிலேயே தங்கிவிடுகிறது. இனி அவர்களுக்காகச் சந்தா வராது. பள்ளத்தை அடைக்க வேண்டியவர்கள் மிச்சம் இருக்கிற கம்பெனிகள்.

நம் ஊர் ஆட்களுக்கு இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும். இங்கே முதலாளி, சம்பளத்தில் 8.33 சதவீதத்தை, அதுவும் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, பி.எஃப். அலுவலகத்தின் பென்ஷன் நிதிக்குக் கட்டுகிறார். கம்பெனியை மூடினால் பாக்கிச் சந்தாவைக் கட்டச் சொல்வார்களே தவிர, "நிதியில் பற்றாக்குறை இருக்கிறது, உன் பங்கு இவ்வளவு" என்று யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள். அமெரிக்காவில் அனுப்புவார்கள். சந்தாவை ஒரு சென்ட் பாக்கி இல்லாமல் கட்டியிருந்தாலும் அனுப்புவார்கள். பல முதலாளிகளால் ஜீரணிக்க முடியாதது இதைத்தான்.

அந்த நோட்டீஸுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1963 டிசம்பரில் ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனி இண்டியானாவில் இருந்த தன் ஆலையை மூடியபோது, பல வருடம் உழைத்த நடுத்தர வயதுத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைத்தது அவர்களுக்குச் சேர வேண்டியதில் 15 சதவீதம்தான். அந்தச் சூடு ஆறாமல் இருந்துதான் 1974இல் பென்ஷன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் கூட்டுத் திட்டங்களுக்கென்று ஒரு ஓட்டை விட்டுவைத்தார்கள்: விலகின கம்பெனி காசு கொடுக்க வேண்டியது, விலகி ஐந்து வருடத்துக்குள் திட்டமே மூடப்பட்டால் மட்டும்தான், அதுவும் அதன் நிகர மதிப்பில் 30 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இப்படி எழுதி வைத்தால் புத்தியுள்ள முதலாளி என்ன செய்வார்? முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு இது உறைக்க ஆறு வருடம் ஆனது. 1980 செப்டம்பர் 26 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட திருத்தச் சட்டம், திட்டம் மூடினாலும் மூடாவிட்டாலும், விலகுகிற அன்றே உன் பங்குப் பள்ளம் உன் கடன் என்றது. ஷ்லிட்ஸ் விலகியது அதற்கு ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில். சட்டத்தின் மை காயாதபோதே அதில் மாட்டியவர்களில் அவர்களும் ஒருவர்.

சரி, கணக்குக்கு வருவோம்.

விலகல் கடனில் இரண்டு தனித்தனி எண்கள் இருக்கின்றன. ஒன்று, மொத்தக் கடன். இன்னொன்று, வருடத் தவணை. நாம் வீட்டுக் கடனில் பழகியவர்கள், அதனால் மொத்தக் கடனை வருடங்களால் பிரித்து வட்டி சேர்த்தால் தவணை வரும் என்றுதான் மனசு போகும். இங்கே அப்படி இல்லை. இரண்டும் வெவ்வேறு ஊற்றிலிருந்து வருகின்றன, ஒன்றுக்கொன்று சொந்தபந்தமே கிடையாது. இதை மனசில் ஏற்றாமல் அடுத்த பத்தியைப் படித்துப் பயன் இல்லை.

மொத்தக் கடனை முதலில் பார்க்கலாம். திட்டத்தின் ஆக்சுவரி (ஆயுள், வட்டி எல்லாவற்றையும் அனுமானித்துப் பென்ஷன் கணக்குப் போடுகிற நிபுணர்), தொழிலாளிகளுக்கு ஏற்கெனவே உறுதியாகிவிட்ட பென்ஷன்களின் இன்றைய மதிப்பைப் போடுவார். அதிலிருந்து நிதியில் இருக்கிற சொத்தைக் கழித்தால் கிடைப்பது பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறையைக் கம்பெனிகளுக்குப் பிரிக்கச் சட்டம் நான்கு முறைகள் தருகிறது. எளிமையானது ஐந்து வருட முறை: கடைசி ஐந்து வருடத்தில் எல்லோரும் கட்டிய சந்தாவில் நீ கட்டியது எத்தனை சதவீதமோ, பற்றாக்குறையிலும் அத்தனை சதவீதம் உன்னுடையது. இன்னொரு முறையில் ஒவ்வொரு வருடமும் பற்றாக்குறையில் ஏற்பட்ட ஏற்ற இறக்கத்தைத் தனித்தனிக் குவியலாக வைத்து, வருடத்துக்கு 5 சதவீதம் கரைத்துக்கொண்டே வந்து, அந்தந்தக் குவியலில் பங்கு பார்ப்பார்கள். கட்டட வேலைத் துறைத் திட்டங்களுக்கு வேறு வழி இல்லை, அதுதான் கட்டாயம். நான்காவது முறை, உன் தொழிலாளிகளுக்கான பென்ஷனை மட்டும் தனியே பிரித்துக் கணக்குப் போடுவது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் நாற்பது வருட வேலைப் பதிவேடுகளைக் கம்பெனி வாரியாகக் கிளற வேண்டும், அதனால் நடைமுறையில் அதிகம் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் போட்டுப் பார்ப்போம். திட்டத்தின் பற்றாக்குறை 10 கோடி டாலர். ஐந்து வருடத்தில் எல்லோரும் கட்டியது 5 கோடி, நம் கம்பெனி கட்டியது 40 லட்சம். 8 சதவீதம், ஆக நம் பங்கு 80 லட்சம் டாலர். சின்ன ஆட்களுக்கு ஒரு தள்ளுபடி உண்டு: பற்றாக்குறையில் 0.75 சதவீதம் அல்லது 50,000 டாலர், இதில் எது குறைவோ அதைக் கழிப்பார்கள். ஆனால் பங்கு 1 லட்சம் டாலரைத் தாண்டினால் தாண்டுகிற ஒவ்வொரு டாலருக்கும் தள்ளுபடியிலும் ஒரு டாலர் குறையும். நம் கம்பெனிக்கு அது பூஜ்யம்.

இந்தப் பற்றாக்குறையில் ஏற்கெனவே திவாலாகிப் போன கம்பெனிகளின் தொழிலாளிகளும் அடக்கம். எவனோ வைத்துவிட்டுப் போன பாரத்தையும் சேர்த்துத்தான் நம் 8 சதவீதம். அநியாயம் என்று கத்தாத முதலாளியை நான் பார்த்ததில்லை.

அடுத்து வருடத் தவணை. விலகுகிற வருடத்துக்கு முந்தைய பத்து வருடத்தில், தொடர்ச்சியான எந்த மூன்று வருடத்தின் சராசரி வேலை நேரம் அதிகமோ அதை எடு. விலகுகிற வருடத்தையும் சேர்த்துப் பத்து வருடத்தில் உச்சமாக இருந்த சந்தா விகிதத்தை எடு. இரண்டையும் பெருக்கு. அவ்வளவுதான். உச்ச நேரம் கம்பெனி செழித்திருந்த காலத்தில் விழும், உச்ச விகிதம் பெரும்பாலும் கடைசி வருடத்தில் விழும், கம்பெனி நிஜத்தில் எந்த ஒரு வருடத்திலும் கட்டியிராத தொகை தவணையாக வந்து நிற்கும். நம் கற்பனைக் கம்பெனியில் ஒரு காலத்தில் 60 பேர் வேலை பார்த்தார்கள், வருடத்துக்கு 1,20,000 மணி நேரம். விகிதம் கடைசியில் மணிக்கு 8 டாலர். தவணை 9,60,000 டாலர்.

இப்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து, திட்டத்தின் வட்டி விகிதத்தில், "80 லட்சத்தை வருடம் 9.6 லட்சமாகக் கட்டினால் எத்தனை வருடத்தில் தீரும்?" என்று கேட்க வேண்டும். 7 சதவீத வட்டியென்றால் பதினொரு முழுத் தவணை, பன்னிரண்டாவதாக ஒரு துண்டு. வட்டி ஏறினால் பேங்க்காரர்கள் இ.எம்.ஐ.யைத் தொடாமல் மாதங்களை நீட்டுவார்களே, அதே மாதிரி. இதற்கு மேல் சட்டம் ஒரு தாழ்ப்பாள் போடுகிறது: எவ்வளவு பாக்கி இருந்தாலும் 20 வருடத்தோடு முடிந்தது. நம் கம்பெனியின் பங்கு சுமார் 1.09 கோடியைத் தாண்டினால் அந்தத் தாழ்ப்பாள் விழும். பங்கு 2 கோடி என்று போட்டாலும் சரி, 10 கோடி என்று போட்டாலும் சரி, கட்டப்போவது 20 தரம் 9.6 லட்சம்தான். அதனால்தான் பெரிய பள்ளத்தில் இருக்கிற திட்டங்களிலிருந்து நோட்டீஸ் வந்தால், முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிற பயங்கரத் தொகையைப் பார்த்து யாரும் மயங்கி விழ வேண்டாம், தவணை எவ்வளவு என்று உள்ளே தேடுங்கள் என்பேன். திட்டத்தில் இருக்கிற கம்பெனிகள் எல்லாமோ கிட்டத்தட்ட எல்லாமோ ஒன்றாகக் கிளம்பிவிட்டால் மட்டும் இந்த 20 வருட வரம்பு கிடையாது.

ஷ்லிட்ஸுக்கு வருவோம். கடன் 2 கோடியே 33 லட்சம் டாலர். தவணை 39,45,481. திட்டத்தின் வட்டி 7 சதவீதம். இருபது வருடக் கவலை எல்லாம் இல்லை, எட்டு வருடத்தில் தீர்ந்துவிடும் கடன். பிறகு எதற்குச் சண்டை?

தேதிக்காக. சட்டப்படி பற்றாக்குறையைப் பார்ப்பது விலகிய அன்று அல்ல, விலகிய வருடத்துக்கு முந்தைய வருடத்தின் கடைசி நாளில். ஷ்லிட்ஸ் விலகியது 1981 நடுவில், ஆகவே 1980 டிசம்பர் 31 நிலவரப்படி 2.33 கோடி. தவணைகளை எண்ணுவதற்கோ, முதல் தவணையை விலகிய வருடத்துக்கு அடுத்த வருடத்தின் முதல் நாளில் கட்டியது போல வைத்துக்கொள் என்கிறது அதே சட்டம். அதாவது 1982 ஜனவரி 1. கடனை அளந்தது ஒரு முனையில், தவணை தொடங்குவது மறுமுனையில், நடுவே 1981 என்ற ஒரு முழு வருடம் தொங்குகிறது. அந்த வருடத்துக்கு வட்டி உண்டா, இல்லையா? சட்டத்தில் ஆம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை.

எக்செல்லைத் திறந்தேன். முதலில் வட்டி இல்லாமல். 2,33,00,000இலிருந்து முதல் தவணையைக் கழித்தால் 1,93,54,519. அதற்கு 7 சதவீதம் ஏற்றினால் 2,07,09,335, இரண்டாவது தவணை போனபின் 1,67,63,854. இப்படியே இறங்கிக்கொண்டே போய் மூன்றாவதுக்குப் பின் 1.40 கோடி, நான்காவதுக்குப் பின் 1.10 கோடி, ஐந்தாவதுக்குப் பின் 78.5 லட்சம், ஆறாவதுக்குப் பின் 44.6 லட்சம். ஏழாவது தவணையைக் கட்டியதும் கையில் நிற்பது 8,22,741. ஒரு வருட வட்டியோடு 8,80,333. தீர்ப்பில் இருப்பது 8,80,331. அந்த இரண்டு டாலர், 2.33 கோடி என்று முழுசாக்கிச் சொன்னதில் வந்த வித்தியாசம். பதினைந்து வருடத்துக்கு முன் முதல் தடவை இதைப் போட்டு அந்த எண் வந்து விழுந்தபோது, சீட்டை விட்டு எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்து, 1981க்கும் வட்டி உண்டு என்று வைத்து. தொடக்கத் தொகை 2,49,31,000 ஆகிவிடும். அதே தவணை, அதே 7 சதவீதம். எட்டாவது வருடத்தில் நிற்பது 34,99,363. தீர்ப்பில் 34,99,361. மறுபடியும் அதே இரண்டு டாலர்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒரு வருட வட்டி என்பது 2.33 கோடியில் 7 சதவீதம், 16,31,000 டாலர். சண்டையோ 26,19,030 டாலருக்கு. ஏன்? தவணையைத் தொட முடியாது, அது சந்தா வரலாற்றிலிருந்து வந்து பூட்டப்பட்ட எண். ஆகவே கூடுதல் வட்டி முழுவதும் உருண்டு உருண்டு, ஏழு வருடம் தானும் 7 சதவீதம் தின்று, கடைசித் தவணையின் தலையில் போய் உட்கார்கிறது. 16.31 லட்சத்தை 1.07ஆல் ஏழு தரம் பெருக்கிப் பாருங்கள், சரியாக 26.19 லட்சம் வரும். செய்தியில் படிக்கிறவருக்குக் கடைசித் தவணை நாலு மடங்கானது போலத் தெரியும். கணக்குப் பிள்ளைக்கு அது ஒரு வருட வட்டி, அவ்வளவுதான்.

பென்ஷன் திட்டத்தின் வாதம் முட்டாள்தனமானதல்ல, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தை அளந்தது 1980 டிசம்பர் 31இல். பள்ளம் என்பது தூங்குகிற சங்கதி இல்லை. கொடுக்க வேண்டிய பென்ஷன் ஒரு வருடம் நெருங்கி வருகிறது, அதை அடைக்க வேண்டிய காசு இருந்திருந்தால் 7 சதவீதம் சம்பாதித்திருக்கும். 1982 ஜனவரியில் பார்த்தால் அதே பள்ளம் 2.49 கோடி. இதை 2.33 கோடி என்று வைத்துத் தவணை போடுவது, ஒரு வருட வட்டியை இனாமாகக் கொடுப்பது. அந்த இனாமை மற்ற கம்பெனிகள்தான் சுமக்க வேண்டும். பிலடெல்பியாவில் இருக்கிற 3ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990இல் வேறொரு வழக்கில் இதை ஏற்றுக்கொண்டும் இருந்தது. ஷ்லிட்ஸ் வழக்கை எடுத்த சிகாகோவின் 7ஆவது வட்டம் நேர் எதிராகப் போனது. இரண்டு வட்டங்கள் இரண்டு விதமாகச் சொன்னதால்தான் உச்ச நீதிமன்றம் கையில் எடுத்தது.

தீர்ப்பை எழுதியவர் ஸ்டீபன் பிரையர். உச்ச நீதிமன்றத்துக்கு வந்து சில மாதமே ஆகியிருந்தது. ஒன்பது பேரும் ஒரே குரல்: வட்டி விலகிய வருடத்துக்குக் கிடையாது, அடுத்த வருடத்தின் முதல் நாளில்தான் ஓடத் தொடங்கும்.

அவர்கள் சொன்ன காரணங்களை என் வார்த்தையில் சொல்கிறேன். கடனைத் தவணையில் தீர் என்று சட்டம் சொன்னால், வட்டி ஓடுவது கடன் பிறந்த பிறகுதான். கடன் இல்லாத நாளுக்கு வட்டி ஏது? 1980 டிசம்பரில் ஷ்லிட்ஸ் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை, அது திட்டத்தில் இருந்த ஒரு உறுப்பினர். கடன் வந்தது விலகியதால். பிறகு ஏன் முந்தைய வருடத்தின் கடைசி நாளைச் சட்டம் பிடித்தது? வசதிக்காக. ஆக்சுவரி எப்படியும் வருடக் கடைசியில் ஒரு மதிப்பீடு போடுவார். யாராவது ஆகஸ்ட் 17இல் விலகினால் அந்தத் தேதிக்கென்று தனியாக ஒரு மதிப்பீடு போடச் சொன்னால் அந்தச் செலவே பெரிய செலவு. இருக்கிற அறிக்கையை எடுத்துக்கொள் என்பதுதான் நோக்கம், அன்றிலிருந்து வட்டி வாங்கு என்பது இல்லை. அதோடு, விலகிய வருடத்தில் விலகும் வரைக்கும் அந்தக் கம்பெனி வழக்கம்போலச் சந்தா கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். வட்டியையும் வாங்கி, சந்தாவையும் வாங்கினால் ஒரே வருடத்துக்கு இரண்டு தரம் வாங்கிய மாதிரி.

கடைசிக் காரணத்தைத்தான் நான் முழு மனதோடு ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜனவரியில் விலகுகிறவன் ஒரு மாதச் சந்தா கட்டியிருப்பான், டிசம்பரில் விலகுகிறவன் பதினொரு மாதம். இருவருக்கும் முழு வருட வட்டி தள்ளுபடி. மேலும் அந்தச் சந்தா சும்மா வரவில்லை, அந்த மாதங்களில் வேலை பார்த்தவர்களுக்குப் புதிதாகப் பென்ஷன் சேர்த்துக்கொண்டும்தான் வந்தது. பழைய பள்ளத்துக்கு அதிலிருந்து எவ்வளவு போனது என்பது வேறு கேள்வி. ஆனாலும் தீர்ப்பு சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, முதல் காரணம் ஒன்றே போதும். ஒருவன் மேல் வட்டி சுமத்துவதென்றால் அதைச் சட்டத்தில் எழுத வேண்டும். தவணை தவறினால் வட்டி என்று அதே சட்டம் வேறொரு இடத்தில் தெளிவாக எழுதத் தெரிந்திருக்கிறது. இங்கே எழுதவில்லை.

இதனால் ஒரு பக்க விளைவு உண்டு, அதைத் தீர்ப்புக்குப் பின் எல்லா ஆலோசகர்களும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஜனவரி 1 வந்துவிட்டால் அளவெடுக்கும் நாள் ஒரு வருடம் நகர்ந்துவிடும். பற்றாக்குறை குறைந்துகொண்டு வருகிறதென்றால் டிசம்பரில் போகாமல் ஜனவரி வரை இழுத்துப் பிடிப்பது லாபம், ஏறிக்கொண்டு போகிறதென்றால் டிசம்பர் 31க்குள் கிளம்பிவிடுவது லாபம். ஆலையை எந்த மாதம் மூடுவது என்று தீர்மானிக்கிற கூட்டத்தில் இப்போது ஆக்சுவரிக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்கள். சட்டத்தை ஏய்ப்பதற்கென்றே செய்தது என்று நிரூபணமானால் அதைக் கணக்கில் எடுக்காமல் விடச் சட்டம் வழி வைத்திருக்கிறது, ஆனால் தேதியைத் தேர்ந்தெடுப்பதும் ஏய்ப்பதும் எங்கே பிரிகின்றன என்பது வக்கீல்களுக்குச் சோறு போடும் கேள்வி.

இன்னொரு கேள்வி இன்று பல வழக்குகளில் வந்துவிடுகிறது: அந்த 2.33 கோடியே சரியா? பற்றாக்குறையை எந்த வட்டியில் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தாய்? இருபது வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய 1 டாலருக்கு, 7.5 சதவீதத்தில் இன்று ஒதுக்க வேண்டியது 23.5 சென்ட். 2.71 சதவீதத்தில் 58.6 சென்ட். ஒரே வாக்குறுதிதான், பில் இரண்டரை மடங்கு. இது நான் சும்மா பொறுக்கிய எண் இல்லை. யூட்டா மாநிலத்தில் டீர் கிரீக் நிலக்கரிச் சுரங்கத்தை நடத்திய எனர்ஜி வெஸ்ட் கம்பெனி 2015இல் சுரங்கத்தை மூடிவிட்டுச் சுரங்கத் தொழிலாளர் பென்ஷன் திட்டத்தை விட்டுப் போனபோது, ஆக்சுவரி 2.71 சதவீதம் வைத்துச் சுமார் 11.5 கோடி டாலர் கேட்டார். அதே திட்டம் தன் சந்தாத் தேவையைக் கணக்கிட வைத்திருந்தது 7.5 சதவீதம், அந்த விகிதத்தில் போட்டிருந்தால் சுமார் 4 கோடி. ஆக்சுவரியின் வாதம், விலகியவனிடம் பிறகு போய் இன்னும் கொடு என்று கேட்க முடியாது, ஆகவே ஆபத்தே இல்லாத அரசுப் பத்திர வட்டியில்தான் கணக்கு முடிக்க வேண்டும் என்பது. 2022இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது: வட்டி அனுமானம் இந்தத் திட்டம் நிஜமாக எதில் முதலீடு செய்திருக்கிறதோ அதை ஒட்டி இருக்க வேண்டும், சட்டம் சொல்வது திட்டத்தின் எதிர்பார்ப்பைப் பற்றிய ஆக்சுவரியின் சிறந்த கணிப்பை.

ஷ்லிட்ஸ் வழக்கின் அந்த "முந்தைய வருடத்தின் கடைசி நாள்" மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. எந்திரத் தொழிலாளர்களின் தேசிய பென்ஷன் நிதி வழக்கில், 2017 டிசம்பர் 31 என்ற அளவெடுக்கும் நாள் முடிந்தபின், 2018 ஜனவரியில் ஆக்சுவரி வட்டியை 7.5இலிருந்து 6.5க்கு இறக்கி, அதை வைத்து விலகிய கம்பெனிகளின் கடனைப் போட்டார். பின்னால் எடுத்த அனுமானத்தை முன்தேதிக்குப் பயன்படுத்தலாமா? அந்தத் தேதி வரை தெரிந்த விவரங்களை வைத்துப் போட்டால் போடலாம் என்றது 2024இல் அதே வாஷிங்டன் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் 2025இல் அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. கேள்வியின் உருவம் 1995இல் இருந்ததுதான். அளந்த நாள் ஒன்று, கணக்குப் போட்ட நாள் வேறு, நடுவில் நடந்ததை யார் தலையில் எழுதுவது.

நோட்டீஸ் வந்தால் நேரம் எப்படி ஓடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் கோட்டைவிட்டவர்கள் ஏராளம். கேட்பு வந்து 60 நாளுக்குள் முதல் தவணை கட்டியாக வேண்டும், தகராறு இருந்தாலும். முதலில் கட்டு, பிறகு வாதாடு. 90 நாளுக்குள் மறுஆய்வு கேட்க வேண்டும், அதன் பிறகு கிடைக்கிற 60 நாள் சாளரத்தில் நடுவரிடம் போகவில்லையென்றால் அந்த எண் கல்வெட்டு. கணக்கு எவ்வளவு தப்பாக இருந்தாலும் கோர்ட்டு கேட்காது. அப்புறம் இன்னொன்று: கம்பெனி ஏழை, முதலாளி பணக்காரர் என்றால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 80 சதவீதம் ஒரே கைக்குச் சொந்தமான தொழில்கள் எல்லாம் ஒரே முதலாளியாகவே கொள்ளப்படும். ஆலை வைத்திருந்தவரின் வாடகைக் கட்டடத்தைத் தேடிப்போய் வசூலித்த வழக்குகள் உண்டு. விலகுமுன் விலை தெரிய வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒருமுறை திட்டத்திடம் உத்தேசக் கணக்கு கேட்கலாம், 180 நாளுக்குள் தர வேண்டும்.

ஷ்லிட்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தபோது, கணக்குப்படி அந்த எட்டாவது தவணையின் நாளான 1989 ஜனவரி 1 தாண்டி ஆறு வருடம் ஆகியிருந்தது. மில்வாக்கி ஆலை மூடிப் பதினான்காம் வருடம். 1999இல் ஸ்ட்ரோவும் கடையைக் கட்டித் தன் பிராண்டுகளைப் பிரித்து விற்றது. ஷ்லிட்ஸ் என்ற பெயர் போய்ச் சேர்ந்த இடம் பாப்ஸ்ட், 1996இல் மில்வாக்கியில் தன் சொந்த ஆலையையும் மூடிவிட்டிருந்த அதே பாப்ஸ்ட்.